வெறுத்திசை: யாருடைய செவிக்கு?

ஆங்கிலத்தில் 'கக்கோபனி' என்றொரு சொல் உண்டு. செவிக்கு இன்னாததாய், ஒன்றோடொன்று இணங்காததாய் எழும் ஓசைக் கூட்டத்தை அச்சொல் குறிக்கும். அண்மையில் எமது வகுப்பு மாணவர் சிலர், அதற்கு நேரான தமிழ்ச்சொல் யாது என வினவினர். விடையை அவர்களிடமே கேட்டோம். "இரைச்சல்" என்றார் ஒருவர். "கூச்சல்" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் சிறிதும் தயங்காது "பறைச்சத்தம்" என்றார். வகுப்பு நகைத்தது. கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் மட்டும் நகைக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் புத்தகத்தின் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

அன்று அவ்வகுப்பில் நாம் தக்க மறுமொழி கூறவில்லை. மணி அடித்தது, பாடம் முடிந்தது. ஆயின் கேள்வி முடியவில்லை. ஓர் ஓசை எப்பொழுது இன்னாத ஓசை ஆகின்றது? அவ்வாறு தீர்ப்பளிக்கும் செவி யாருடையது? இவ்விரு வினாக்களையும் சொல்லின் வரலாற்றின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சொல்லின் பிறப்பை நோக்குவோம். 'கக்கோபனி' கிரேக்க மொழியில் தோன்றிப் பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தை அடைந்த சொல்லாகும். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்து ஆங்கில நூல்களில் அது வழங்குகின்றது. அதன் இரண்டாம் உறுப்பாகிய 'போனே' என்பது குரல், ஓசை எனப் பொருள்படும். டெலிபோன், கிராமபோன் என்னும் பெயர்களில் நாம் நாள்தோறும் கேட்பதும் அதுவே. முதலுறுப்பாகிய 'ககோஸ்' என்பதற்குத் தீயது என்று பொருள். எனவே 'தீய ஓசை' என்பதே சொல்லின் நேர்ப்பொருள்.

அகராதி பார்ப்போர் பலர் இவ்விடத்திலேயே நின்றுவிடுவர். நாம் ஓரடி மேலே செல்வோம். கி.மு. 6ஆம் நூற்றாண்டளவில் மெகாரா நகரில் வாழ்ந்த தியோக்னிஸ் என்னும் கவிஞர் உயர்குடியினரின் கட்சியைச் சார்ந்தவர். புதிதாகச் செல்வம் பெற்ற சாதாரண மக்கள் நகரின் ஆட்சியில் இடங்கொள்வதைக் கண்டு பொருமியவர். அவருடைய பாடல்களில் 'நல்லோர்' என்பது பெரும்பாலும் உயர்குடிப் பிறந்தோரையும், 'ககோய்' அஃதாவது 'தீயோர்' என்பது தாழ்ந்த குடியினரையும் குறிக்கக் காண்கின்றோம். ஒழுக்கத்தைக் குறிக்க வேண்டிய சொல், பிறப்பைக் குறிக்கும் சொல்லாகவும் நின்றது. 'ககோஸ்' என்னும் அச்சொல்லே பின்னர் ஓசையைக் குறிக்கும் சொல்லுக்கும் தலையாய் அமைந்தது. கக்கோபனி என்பது தாழ்ந்தோர் எழுப்பும் ஓசை என்ற பொருளில் ஆக்கப்பட்டது என நாம் கூறவில்லை. அச்சொல்லின் வேரிலே, தீமையும் தாழ்ந்த பிறப்பும் ஒன்றென எண்ணிய ஒரு சமூகத்தின் மண் ஒட்டியிருக்கின்றது என்றே கூறுகின்றோம்.

பிறருடைய பேச்சை இன்னாத ஓசையாகக் கேட்டதும் கிரேக்கரின் வழக்கமே. தமது மொழி பேசாதாரை அவர்கள் 'பார்பரோய்' என்றனர். பொருள் விளங்காத 'பர்பர்' என்ற ஒலியைப் போன்றது அவர்களது பேச்சு என்பதே அப்பெயரின் கருத்து. ஹோமரின் இலியத் காப்பியத்தில் காரியர் என்னும் இனத்தவருக்கு இத்தகைய அடைமொழி வழங்கப்பட்டுள்ளது. 'பார்பேரியன்' என்ற ஆங்கிலச் சொல் இன்று காட்டுமிராண்டி எனப் பொருள்படுகின்றது. அந்நியனின் குரலைப் பற்றிய கேலியாகத் தொடங்கியது அவனுடைய மனிதத் தன்மையைப் பற்றிய தீர்ப்பாக முடிந்தது.

இந்தியாவிலும் இதே கதைதான். 'மிலேச்சர்' என்ற வடசொல், தெளிவின்றிப் பேசுவோர் என்ற கருத்தில் வளர்ந்தது. சதபத பிராமணத்தில் ஒரு கதை உண்டு. போரிலே அசுரர்கள் பகைவரை விளித்துக் கூவியபொழுது 'ர' வர வேண்டிய இடத்தில் 'ல' ஒலித்தனர், அதனால் தோற்றனர். பதஞ்சலியும் தமது மாபாடியத்தில் இக்கதையைக் குறிப்பிட்டு, பிராமணன் பிழைபட ஒலித்தலாகாது என அறிவுறுத்துவர். ஆயின் வரலாறு இக்கதைக்கு வேறொரு முடிவை வைத்திருக்கின்றது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் பொறித்த கீழைப்பகுதிக் கல்வெட்டுகளை நோக்குக. அங்கே அரசனைக் குறிக்கும் சொல் 'ராஜா' என்றில்லை. 'லாஜா' என்றே உள்ளது. மகதத்து மக்களின் நாவில் 'ர' என்பது 'ல' ஆகவே ஒலித்தது. நூலோர் அசுரருக்கு ஏற்றிய அதே உச்சரிப்பில் ஒரு பேரரசின் ஆணைகள் பிறந்தன. எவரும் அதனால் தோற்றுவிடவில்லை. ஆகவே பிழை நாவில் இருந்ததன்று. கேட்ட செவியின் நிலையிலேயே இருந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். எமது மாணவர் வினவிய சொல் தமிழில் இல்லாமல் இல்லை. 12ஆம் நூற்றாண்டினதெனக் கொள்ளப்படும் தண்டியலங்காரம், செய்யுளுக்குரிய குணங்கள் பத்தினுள் 'ஒழுகிசை' என்பதை ஒன்றாகக் கூறும். வெறுத்திசை இன்றி ஓசை ஒழுகிச் செல்வதே ஒழுகிசை. இந்த 'வெறுத்திசை'யே கக்கோபனிக்கு நிகரான தமிழ்ச்சொல். கேட்போர் வெறுக்கும் இசை என அது தன் பொருளைத் தானே சொல்லி நிற்கின்றது. இச்சொல்லில் உள்ள நேர்மையையும் கவனிக்க வேண்டும். கிரேக்கச் சொல் ஓசையைத் தீயது என்றது. தமிழ்ச்சொல்லோ வெறுப்பு என்னும் வினையைச் சொல்லிவிடுகின்றது. வெறுப்பு இருக்குமாயின் வெறுப்பவன் ஒருவன் இருத்தல் வேண்டும். அவன் யார் என்று கேட்க அச்சொல்லே எமக்கு இடந்தருகின்றது.

தண்டியலங்காரத்துக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட தொல்காப்பியம் இவ்விடயத்தில் இன்னும் தெளிவானது. எழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என அது பகுத்ததேயன்றி, வல்லினத்தைத் தீய இனம் என இழிக்கவில்லை. செய்யுளியலில் கூறப்படும் இருபது வண்ணங்களுள் மெல்லிசை வண்ணம் இருப்பது போலவே வல்லிசை வண்ணமும் இருக்கின்றது. வல்லெழுத்து மிக்கு வருவதும் ஓர் அழகே. போரையும் சினத்தையும் பாட அதுவே ஏற்றது. மரபியலோ, நூலுக்குரிய குற்றங்களைக் கூறுமிடத்துக் கேட்போர்க்கு இனிமை தராத யாப்பையும் ஒரு குற்றமாகச் சேர்க்கின்றது. நல்லது. ஆயின் அந்தக் 'கேட்போர்' யாவர்? அதே மரபியல், வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது எனவும் விதிக்கின்றது. அறிவால் உயர்ந்தோர் என அதற்குப் பொருள்கொள்வாரும் உளர். எனினும் நிலமும் சாதியும் அறிவின் வாயிலைக் காத்து நின்ற சமூகத்தில், அறிவால் உயர்ந்தோரும் பிறப்பால் உயர்ந்தோரும் ஒருவரேயாயினர். உயர்ந்தோர் வழக்குக்கு எதிராக 'இழிசனர் வழக்கு' என்றொரு தொடரும் புலமை உலகில் நிலைபெற்றது.

இழிசனர் என்ற இச்சொல்லைப் பின்தொடர்ந்து சென்றால் நாம் ஓரிடத்தில் திடுக்கிட்டு நிற்கின்றோம். புறநானூற்றில் 'இழிசினன்' என்ற சொல் மூன்று பாடல்களில் வருகின்றது. 82ஆம் பாடலில் அது கட்டில் பின்னும் தொழிலாளியைக் குறிக்கின்றது. 287ஆம் பாடலிலும் 289ஆம் பாடலிலும் அது தோற்கருவி முழக்குவோனைக் குறிக்கின்றது. இழிந்த பேச்சுக்கு நாம் வழங்கும் பெயர், பழம்பாடலில் கைத்தொழிலாளிக்கும் கருவி முழக்குவோனுக்கும் இட்ட பெயராகும். போர்க்களத்தில் அவனது முழக்கமின்றி வீரன் எழுவதில்லை. ஆயினும் அவன் பெயர் இழிசினன். உழைப்பு வேண்டும், உழைப்பவன் இழிந்தவன் என்ற முரண்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

அதே புறநானூற்றின் 335ஆம் பாடல், பாணனையும் பறையனையும் உள்ளிட்ட நான்கு குடிகளைச் சிறப்பித்துக் கூறுகின்றது என்பதையும் மறத்தலாகாது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தெய்வம், உணவு, யாழ் என எண்ணுமிடத்துப் பறையையும் உடன் எண்ணுகின்றது. பறையில்லாத நிலம் இல்லை என்பதே அதன் கருத்து. 'பறை' என்பதற்குச் சொல்லுதல் என்ற பொருளும் உண்டு. மலையாளத்தில் அது இன்றும் பொதுவழக்கு. எமது யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலும் "என்ன பறையிறியள்?" என்று கேட்பார் உளர். வேலி ஓரத்தில் நின்று பறைபவர்கள் தாம் எந்தச் சொல்லை வழங்குகின்றோம் என எண்ணிப் பார்ப்பதில்லை. பேச்சுக்கும் பறைக்கும் பெயர் ஒன்றே. ஆதலின் பறையை இன்னாத ஓசை என்றது, ஒரு கருவியின் மீது மட்டும் அளித்த தீர்ப்பன்று. ஒரு மக்கட் கூட்டத்தின் வாய்மொழி மீதும் அளித்த தீர்ப்பாயிற்று. பறை என்ற சொல்லிலிருந்து பிறந்ததெனக் கொள்ளப்படும் சாதிப்பெயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துக்கேயர் வழியாக ஆங்கிலத்திற் புகுந்து, சமூகத்தால் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. உலகுக்குத் தமிழ் ஈந்த சொற்களுள் இதுவும் ஒன்று என்பதில் நாம் பெருமைகொள்ள யாதுமில்லை.

பறை செவிக்கு இன்னாதது என்பது இயற்கையான உணர்வன்றோ எனச் சிலர் கேட்கலாம். அவர்களைக் கொக்குவிலில் இருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்காகச் சிறிது தூரம் அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். அங்கே இணுவில் இருக்கின்றது. நாகசுரத்துக்கும் தவிலுக்கும் பேர்பெற்ற ஊர். 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் புகழ் தமிழகமெங்கும் பரவியது. தவிலும் தோற்கருவியே. ஒருபுறம் கோலாலும் மறுபுறம் கூடு பூண்ட விரல்களாலும் முழக்கப்படுவது. அதன் முழக்கம் மெல்லியதன்று; திறந்த வெளியில் நெடுந்தூரம் கேட்கும். தாலி கட்டும் வேளையில் எழும் கெட்டிமேளத்தின் நோக்கமே வேறு ஒலி எதுவும் செவியில் விழாது தடுப்பதாகும். ஆயினும் அது மங்கல ஓசை. பறையும் தோல், கோல், கை என்பவற்றால் ஆயதே. அது அமங்கல ஓசை. ஒன்று கோயிலுக்குள்ளே ஒலிக்கின்றது. மற்றொன்று சாவீட்டுப் படலையின் புறத்தே ஒலித்தது. இடத்தைப் பகுத்தது சாதி. ஓசையைப் பகுத்தது அந்த இடம். தவிற் கலைஞரும் சாதித் தராதரத்துக்குத் தப்பியவரல்லர் என்பது தனியே பேசவேண்டிய செய்தி.

அந்நிய ஆட்சி வந்தபோது இந்த வேற்றுமைக்குச் சட்டத்தின் உருவமும் கிடைத்தது. வெள்ளையரின் செவிக்குத் தவிலும் பறையும் சிங்களவரின் பெரையும் எல்லாம் ஒன்றே. அனைத்துக்கும் 'டொம் டொம்' என ஒரே பெயரிட்டனர். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம், பொது வீதியில் மேளம் முழக்குவதை அனுமதிக்கு உட்படுத்தியது. ஆயின் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையோ, நீதிமன்றம் சொத்தைக் கைப்பற்றுவதை ஊரறியச் செய்யும் வழிகளில் ஒன்றாக டொம் டொம் முழக்குதலை ஏற்றது. மக்கள் தம் விழாவுக்கு முழக்கினால் அது அமைதிக்குப் பங்கம். கடன்பட்ட விவசாயியின் காணி பறிபோவதை அறிவிக்க முழக்கினால் அது சட்டத்தின் குரல். ஓசை இன்னாததா இனியதா என்பது அது யாருக்கு ஊழியம் செய்கின்றது என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் பறை கலையாக வாழ்ந்ததிலும் பார்க்கக் குடிமைத் தொழிலாகவே வாழ்ந்தது. உயர்சாதியினரின் வீட்டில் சாவு விழுந்தால், அழைப்பு வந்தவுடன் சென்று முழக்குதல் கடமை. மறுப்பதற்கு உரிமை இல்லை. ஊதியத்தைப் பேசுவதற்கும் இல்லை. ஆகவே 1950களிலும் 1960களிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் தலைநிமிர்ந்தபொழுது, பல கிராமங்களில் அவர்கள் முதலிற் செய்தது பறையைக் கைவிட்டதே. 1957ஆம் ஆண்டில் 21ஆம் இலக்கச் சட்டம் சமூகக் குறைபாடுகளைத் தண்டனைக்குரியன ஆக்கியது. எனினும் ஏட்டில் இருந்த சட்டம் தேநீர்க் கடைக்கும் கோயிலுக்கும் வந்து சேரப் போராட்டம் வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கி எழுச்சி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தாக்குதலையும் மீறி அது முன்சென்றது. சாதி அமைப்புத் தகர வேண்டும் என்று அன்று எழுந்த முழக்கம், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயில் வரை சென்றது. அம்முழக்கமும் பலருடைய செவிக்கு வெறுத்திசையாகவே இருந்தது.

சுன்னாகம் என்ற பெயருக்கு இன்னொரு நினைவும் உண்டு. புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் உழைத்துத் திருத்திய தொல்காப்பிய உரைப் பதிப்புகள் 1937 முதல் அவ்வூரில் இருந்தே ஈழகேசரி நா. பொன்னையாவின் முயற்சியால் வெளிவந்தன. வழக்கு யாருடையது என்று விதித்த நூல் அச்சேறிய ஊரில் இருந்தே, அவ்விதியில் இடம்பெறாத மக்கள் நடக்கத் தொடங்கினர். இரண்டும் எமது மரபே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுப்பார்க்கு மரபு விளங்கவில்லை.

நாவின் மீதான போராட்டமும் அதே காலத்தில் நடந்தது. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்த படைப்பாளிகள், கூலியாளையும் கடற்றொழிலாளியையும் சலவைத் தொழிலாளியையும் அவரவர் மொழியிலேயே பேச வைத்தனர். டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் தாம் பிறந்த வாழ்க்கையின் குரலையே எழுதினர். மரபுவாதிகள் சிலர் பொறுக்கவில்லை. இஃது இழிசனர் வழக்கு, இலக்கியத்துக்கு ஆகாது என்றனர். 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபு பற்றிய விவாதத்தின் நடுநாடி இதுவே. அவ்விவாதத்தில் இலக்கணம் பேசப்பட்டது. ஆனால் வழக்காடப்பட்டது, சில மனிதரின் குரல் நூலில் ஏறலாமா என்பதே. அந்தக் குரல் ஏறிற்று. தமிழ் அதனால் கெடவில்லை. அதன் செவி விரிந்தது.

எதிரணியை மட்டும் குறைகூறி முடிப்பது எமக்கு அழகன்று. 1936 ஜனவரியில், சோவியத் நாட்டுப் பிராவ்தா இதழ் ஷொஸ்தகோவிச்சின் இசை நாடகம் ஒன்றை, இசைக்குப் பதிலான குழப்பம் எனக் கண்டித்தது. மக்களின் பெயராலேயே அக்கண்டனம் எழுதப்பட்டது. இரண்டாண்டுகளாக அரங்கு நிறைந்து அந்நாடகத்தைக் கண்ட மக்களை எவரும் கேட்கவில்லை. அதிகாரம் தன் செவியை மக்களின் செவி எனக் கூறிக்கொள்ளுமாயின், அது எக்கொடியின் கீழ் நின்றாலும் விளைவு ஒன்றே. முற்போக்காளர் இதனை மறவாதிருத்தல் நலம்.

அவ்வாறாயின் உண்மையில் தீய ஓசை என ஒன்று இல்லையா? உண்டு. கொக்குவில் மக்களுக்கு அதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1987 ஒக்டோபரில், கொக்குவில் இந்துக் கல்லூரியில் அடைக்கலம் புகுந்திருந்த மக்களிடையே எறிகணைகள் வீழ்ந்தன, பலர் மாண்டனர். போர்க்காலத்தில் எமது மூத்தோர், எறிகணை குத்தும் ஒலியையும் அது வந்து விழும் ஒலியையும் பிரித்தறியக் கற்றிருந்தனர். இரண்டுக்கும் இடைப்பட்ட சில கணங்களில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கினர். அந்த ஓசையைத் தீயது என்பதற்குச் செவியின் பயிற்சி வேண்டியதில்லை. அது உயிரைக் கொன்றது. பறை எவரையும் கொன்றதில்லை. ஒரு மனிதனின் சாவை ஊருக்குச் சொன்னது, அவ்வளவே. கொல்லும் ஓசைக்கும் வெறுக்கக் கற்பிக்கப்பட்ட ஓசைக்கும் இடையே உள்ள இவ்வேறுபாட்டை உணர்த்துவது ஆசிரியராகிய எமது கடமை.

மறுவாரம் இவற்றுள் இயன்றதை வகுப்பில் எடுத்துரைத்தோம். எவரும் நகைக்கவில்லை. பாடசாலை விட்ட பின், சைக்கிள் நிறுத்துமிடத்தில் அந்தக் கடைசி வரிசை மாணவன் எம்மிடம் வந்தான். "சேர், எங்கட அப்பு அடிச்சவர்தான். பிறகு இனி அடிக்கமாட்டன் எண்டு எறிஞ்சுபோட்டார். இப்ப நீங்கள் அது நல்ல ஓசை எண்டு சொல்லுறியள். அப்ப, அப்பு எறிஞ்சது பிழையோ?" என்று கேட்டான்.

எமது ஆராய்ச்சி முழுவதையும் ஒரே வினாவில் நிறுத்திவிட்டான் அவன். தமிழகத்தில் அண்மைக் காலமாக ஒடுக்கப்பட்ட மக்களின் கலைக்குழுக்கள் பறையை விடுதலையின் கருவியாக மீட்டெடுத்து முழக்கி வருகின்றன. அதனைக் காணும் நம்மவர் சிலர், யாழ்ப்பாணத்தில் அதனைக் கைவிட்டது தவறு என எளிதிற் கூறிவிடுகின்றனர். கூறுபவர் பெரும்பாலும் ஒருபொழுதும் அதனைச் சுமக்காதவர்கள். நாம் அம்மாணவனுக்குக் கூறியது இதுவே: "உன் அப்பு எறிந்தது ஓசையை அன்று, கட்டாயத்தை. அன்று அதனை எறிந்ததும் சரி. நாளை நீ விரும்பி எடுத்தால் அதுவும் சரி. எடு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எடுக்காதே என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை."

அவன் ஒன்றும் கூறவில்லை. தலையசைத்து விடைபெற்றான். எமது விடை அவனுக்குப் போதியதாயிற்றோ, நாமறியோம்.

எனினும் ஒன்று உறுதி. வெறுத்திசை என்ற சொல்லை நம் முன்னோர் நல்ல சொல்லாகவே ஆக்கித் தந்தனர்; வெறுப்பவனை அச்சொல் மறைக்கவில்லை. இனி ஏதேனும் ஓசையை, ஏதேனும் ஊரின் பேச்சை, ஏதேனும் மக்களின் முழக்கத்தை இன்னாதது என நம் மாணவர் கூறுமிடத்து, அச்சொல்லைக் கொண்டே அவர்களை வினவுவோம்: வெறுப்பது யார்? அந்த வெறுப்பைக் கற்பித்தது யார்? இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய வகுப்பில் அடுத்த முறை நகைப்பு எழுவதற்கு முன் ஒருவரேனும் தயங்குவர். அந்தத் தயக்கத்திலிருந்தே செவி திருந்தத் தொடங்குகின்றது.